பாம்புக்கடி: அவசர சிகிச்சைப் பிரிவில் என்ன செய்கிறார்கள், ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்புக்கடியில் உயிருக்கு ஆபத்து முக்கியமாக மூன்று வழியில் வருகிறது: மூச்சு நிற்பது, ரத்தம் உறையாமல் போவது, சிறுநீரகம் செயலிழப்பது. மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்துக்குக் காசும் கிடையாது. அப்படியிருந்தும் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கேஷுவாலிட்டி வாசலில் நிற்கும் உறவினர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். படபடப்பில் நின்று கேட்கும்போது பதில் மனதில் பதியாது. முன்கூட்டியே படித்து வைத்திருந்தால் உதவும்.

கடித்தவுடன் என்ன செய்து கூட்டிவர வேண்டும்?

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் செய்வதுபோல ஒரு கட்டை வைத்து, துணியால் தளர்வாகச் சுற்றி, அசையாமல் வையுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துப் போடுவது, விஷக்கல் ஒட்டுவது எதுவும் வேண்டாம். இவற்றில் ஒன்றுகூட விஷத்தை வெளியே எடுக்காது. கீறிய இடத்திலிருந்து, ரத்தம் உறையாத நிலையில், நிற்காமல் ஒழுகுவதைத்தான் நாங்கள் பார்க்கிறோம்.

108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் காத்திருக்க வேண்டாம், கிடைக்கிற வண்டியில் கிளம்புங்கள். பைக் மட்டும்தான் இருக்கிறதா? கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரலாம். காரில் வரும்போது கண் செருகினாலோ எச்சில் ஒழுகினாலோ மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நாக்கு பின்னால் சரிந்தோ, எச்சிலும் வாந்தியும் தொண்டையை அடைத்தோ வழியிலேயே இறப்பவர்கள் இருக்கிறார்கள்.

நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமா?

வேண்டாம். விஷமுறிவு மருந்து எங்கே மிக அருகில் கிடைக்கிறதோ அங்கே முதலில் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தாலும் சரி, தாலுகா மருத்துவமனையாக இருந்தாலும் சரி. 'ஜி.எச்.சில் எல்லாம் இருக்கும்' என்று ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருபவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. அந்த நேரத்தில் முதல் தவணை மருந்து முழுவதும் உடம்பில் ஏறியிருக்கும். ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் அந்த மருந்து பிடிக்கும். நரம்பிலும் சிறுநீரகத்திலும் போய்ச் சேதம் செய்து முடித்த விஷத்தை அதனால் திரும்ப எடுக்க முடியாது. அதனால் முதல் தவணை அருகிலேயே ஏறட்டும், வென்டிலேட்டரோ டயாலிசிஸோ தேவைப்பட்டால் அங்கிருந்து அனுப்பட்டும்.

வந்ததும் கடிவாயைக்கூடப் பார்க்காமல், 'மேலே பார், எண்ணு' என்று டாக்டர் சொல்கிறாரே?

எந்த உயிர் ஆபத்திலும் அவசரப் பிரிவின் வரிசை ஒன்றுதான்: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், அப்புறம்தான் மற்றதெல்லாம். காலில் எவ்வளவு பெரிய வீக்கம் இருந்தாலும் அது அடுத்த பத்து நிமிடத்தில் உயிரைக் கொல்லாது. மூச்சுத் தசைகள் தளர்ந்தால் கொன்றுவிடும்.

நல்ல பாம்பின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுக்கின்றன. முதலில் தெரிவது கண் இமையில். விட்டத்தைப் பார்க்கச் சொல்லி விரலை உயர்த்துவோம். இமை முழுசாக ஏறாமல் பாதியில் நின்றுவிட்டால் அதுதான் முதல் அடையாளம். தூக்கக் கலக்கம் என்று வீட்டார் நினைத்திருப்பார்கள். பிறகு பொருள் இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வது மூச்சுத் தசைகளின் பலத்தை அளக்கத்தான். வந்தபோது முப்பது வரை எண்ணியவர் அரை மணி கழித்துப் பதினைந்தில் மூச்சு வாங்கினால், குழாய் போடும் சாமான்களைப் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவோம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அந்த நேரத்திலும் 98 என்று நல்ல எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அதை மட்டும் நம்பினால் தாமதமாகிவிடும். அதனால்தான் திரும்பத் திரும்ப வந்து எண்ணச் சொல்கிறோம். சலித்துக்கொள்ளாமல் எண்ணச் சொல்லுங்கள்.

இறுக்கிக் கட்டுப்போட்டுக் கொண்டுவந்தோம். அதை உடனே அவிழ்க்க மாட்டேன் என்கிறார்களே?

கட்டியதே தவறு. கயிறும் துண்டும் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகும் ஆபத்து உண்டு. ஆனால் கட்டியபடியே வந்துவிட்டால் சட்டென அவிழ்க்கவும் கூடாது. அதற்குக் கீழே தேங்கிய விஷம் மொத்தமாக உள்ளே பாய்ந்து, திடீரென மூச்சு நிற்கலாம், ரத்த அழுத்தம் விழலாம். ரத்தக் குழாயில் ஊசி போட்டு, மருந்தைத் தயார் செய்து, மூச்சுக் குழாய் போடும் ஏற்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவிழ்ப்போம். வரும் வழியிலும் நீங்களே அவிழ்த்துவிட வேண்டாம்.

பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டுமா?

வேண்டாம். தேடிப் போனவரும் கடிபட்டு, ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்துவிடுவார்கள். செத்த பாம்பின் தலைகூட அனிச்சையாகக் கடிக்கும். எட்ட நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும், முடியாவிட்டாலும் பரவாயில்லை. இந்தியாவில் தரப்படும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவானது. எந்தப் பாம்பு என்று தெரியாமலேயே, உடம்பு காட்டும் அறிகுறியை வைத்துச் சிகிச்சை கொடுக்க முடியும்.

ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். லேபுக்குக்கூட அனுப்பவில்லையே?

அதுதான் பரிசோதனை. பாம்புக்கடியில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனையும் அதுதான், ஏனென்றால் மின்சாரம் இல்லாத இடத்திலும் செய்யலாம்.

சுத்தமான, ஈரமில்லாத, சாதாரணக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்து அடியில் கெட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர்போல ஓடி வந்தால், கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைத் தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிடமே விஷமுறிவு மருந்தைத் தொடங்குவோம்.

பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் எடுத்தாலோ நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம், முடிவே தப்பாகிவிடும். 'என்னவாயிற்று?' என்று யாராவது நடுவில் எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் அப்படித்தான். குழாயின் பக்கத்தில் நேரம் எழுதிய பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

விஷமுறிவு ஊசியை ஏன் வந்தவுடனே போடுவதில்லை?

கடித்ததெல்லாம் விஷப்பாம்பு அல்ல. சாரைப் பாம்பு, தண்ணீர்ப் பாம்பு கடித்தும் வருகிறார்கள். விஷப்பாம்பே கடித்தாலும் விஷத்தை இறக்காமல் விட்டிருக்கலாம். விஷம் ஏறாத ஒருவருக்கு இந்த மருந்தால் ஒரு நன்மையும் இல்லை, ஒவ்வாமை ஆபத்து மட்டும்தான் மிச்சம். இமை சரிவு, ரத்தம் உறையாமை, ஈறிலோ சிறுநீரிலோ ரத்தம், வேகமாகப் பரவும் வீக்கம், ரத்த அழுத்தம் விழுவது போன்றவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்க மாட்டோம். தெரியும்வரை கண்காணிப்போம். வெளியிலிருந்து பார்த்தால் சும்மா விட்டுவிட்டார்கள் என்று தோன்றும். அந்த நேரத்தில் செவிலியர் வந்து வந்து இமையையும், வீக்கத்தின் எல்லையில் பேனாவால் போட்ட கோட்டையும் பார்த்துவிட்டுப் போவதைக் கவனியுங்கள்.

சின்னக் குழந்தைக்கும் 10 பாட்டில் மருந்தா?

ஆமாம். குழந்தை என்று பாம்பு விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. இந்த மருந்தின் ஒரு மில்லி, கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு குப்பி 10 மில்லி, ஆக 6 மில்லிகிராம். அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக இறக்கும் விஷம் 60 மில்லிகிராமுக்குச் சற்று மேல். 10 குப்பி என்ற கணக்கு அதிலிருந்துதான் வந்தது. குழந்தைக்குக் கூட ஏற்றும் சலைனின் அளவை மட்டும் குறைப்போம். கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டும், தயங்கினால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து.

மருந்து தயாராகச் சில நிமிடம் ஆகும். குப்பியில் இருப்பது வெள்ளைப் பொடி. தண்ணீரை விட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும். அதனால் செவிலியர் ஒவ்வொரு குப்பியையும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டிக் கரைப்பார். பத்தையும் கரைத்து, சலைனில் கலந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவோம். கடிவாயில் நேரடியாக ஊசி போடுவது கிடையாது.

மருந்து ஏறும்போதே உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்தது. மருந்தே விஷமாகிவிட்டதா?

இந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. வேற்று உயிரின் புரதம் என்பதால் சிலருக்கு உடம்பு கடுமையாக எதிர்க்கும். அரிப்பு, தடிப்பு, வாந்தி, வயிற்று வலி, இரைப்பு, ரத்த அழுத்தம் விழுதல் என்று வரும். பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள். இதுவும் உயிருக்கு ஆபத்தானதுதான். ஆனால் இதற்குக் கைவசம் நல்ல மருந்து இருக்கிறது: அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ட்ரிப்பை நிறுத்தி, அட்ரினலின் போட்டு, ஆக்சிஜன் வைத்து, நிலைமை சீரானதும் அதே விஷமுறிவு மருந்தை மெதுவாக மறுபடி தொடங்குவோம். அதைக் கைவிடக் கூடாது, ஏனென்றால் விஷத்துக்கு மாற்று மருந்து வேறு இல்லை. 'வேண்டாம், நிறுத்திவிடுங்கள்' என்று கெஞ்சும் தாய்மார்களின் பயம் புரிகிறது. அந்த ஊசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் ட்ரிப்பையே தொடங்குகிறோம் என்று அவர்களிடம் சொல்வதுண்டு.

முன்பு தோலில் சிறிது போட்டுச் சோதிப்பார்கள். அந்தச் சோதனை யாருக்கு ஒவ்வாமை வரும் என்று சரியாகச் சொல்வதில்லை என்பதால் கைவிடப்பட்டது. சிறிய அளவு அட்ரினலினைத் தோலுக்கடியில் முன்கூட்டியே போட்டால் கடுமையான ஒவ்வாமை குறைகிறது என்பதை இலங்கையில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. குளிரும் நடுக்கமும் மட்டும் வந்தால் அது வேறு. பாராசிட்டமாலுக்கும் கம்பளிக்கும் அடங்கிவிடும்.

கடித்த தடமே இல்லை, வலியும் இல்லை. ஆனாலும் பாம்புக்கடி என்கிறார்களே?

கட்டுவிரியனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்களும் ஏமாறக்கூடிய இடம் இது.

கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், எலியையும் பல்லியையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பல் சிறியது, வலி அநேகமாக இருக்காது, வீக்கமும் இருக்காது. கடிபட்டவர் விழித்துக்கொள்ளாமல்கூட இருக்கலாம். விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்துகொண்டு வலிக்கும், வாந்தி வரும், தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கும். நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு இருப்பார்கள். ஆறு மணிக்கு இமை சரியும், எட்டு மணிக்குப் பேச்சு வராது.

அதனால்தான் காலையில் வயிற்று வலியோடு வருபவரிடம் 'ராத்திரி எங்கே படுத்திருந்தீர்கள்?' என்று கேட்கிறோம். 'தரையில்' என்று பதில் வந்தால் உடனே இமையைப் பார்ப்போம். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணமில்லாமல் இமை சரிந்தால், வேறு காரணம் தெரியும்வரை அது கட்டுவிரியன் கடிதான். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிக்கொள்வதும் இந்தக் கடியைத் தடுக்கும்.

மருந்து முழுவதும் ஏறிவிட்டது. அப்புறமும் வென்டிலேட்டர் ஏன்?

நல்ல பாம்பின் விஷம் தசைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு செய்தியைத் தடுக்கிறது. மருந்து ஏறினால் பெரும்பாலும் விரைவில் தெளியும். நியோஸ்டிக்மின் என்ற ஊசியை அட்ரோபினோடு சேர்த்துப் போட்டால், சரிந்த இமை கண்முன்னே ஏறுவதைப் பார்க்கலாம். கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையே சிதைத்துவிடுகிறது. அந்த நுனி மறுபடி வளர்ந்துதான் ஆக வேண்டும், அதற்கு நாள்கள் ஆகும். அதுவரை மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ள வேண்டும். நரம்பு விஷத்துக்குத் தேசிய வழிகாட்டு நெறிப்படி மொத்தம் 20 குப்பி வரைதான். அதற்கு மேல் மருந்து ஏற்றிப் பயனில்லை, காத்திருப்பதுதான் சிகிச்சை.

ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நிலையில் நோயாளி அசைய மாட்டார், கண் திறக்க மாட்டார், கண்பாப்பா விரிந்து வெளிச்சத்துக்கும் சுருங்காமல் இருக்கலாம். பார்ப்பதற்கு மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் அவருக்குக் காது கேட்கும், நினைவு இருக்கும். இந்த நிலையிலிருந்து முழுசாகத் தேறி, நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். பாம்புக்கடியில் அவசரப்பட்டு யாரும் 'மூளை போய்விட்டது' என்று சொல்லக் கூடாது, மெஷினை எடுத்துவிடுங்கள் என்று குடும்பமும் சொல்லக் கூடாது. பக்கத்தில் நின்று அழாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

சிறுநீரை ஏன் அளந்து எழுதச் சொல்கிறார்கள்?

கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகம் அடிபடும். அளவு குறைவதும், நிறம் சிவப்பாகவோ கறுப்பு டீ போலவோ மாறுவதும் முதல் எச்சரிக்கை. பாத்ரூமில் போய்விட்டு வந்து 'போய்விட்டேன்' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது, குடுவையில் பிடித்துக் காட்டுங்கள். டயாலிசிஸ் தேவைப்பட்டால் பயப்பட வேண்டாம், பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடித்து இமையும் சரியலாம் என்பதால், ரத்தம் உறையாதவருக்கும் இமையைச் சோதிப்போம்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் ஒவ்வொரு தவணை மருந்துக்கும் ஆறு மணி நேரம் கழித்துத்தான் கண்ணாடிக் குழாய்ச் சோதனையை மறுபடி செய்வோம். உறையவைக்கும் பொருள்களைக் கல்லீரல் புதிதாகச் செய்ய அவ்வளவு நேரம் வேண்டும். அப்போதும் உறையாவிட்டால் அடுத்த தவணை.

வீங்கிய காலைக் கிழித்துவிட வேண்டுமா? வலிக்கு என்ன கொடுக்கலாம்?

கிழிக்க வேண்டிய தேவை மிக அரிது. தசையறைக்குள் அழுத்தம் உண்மையிலேயே ஏறியிருப்பது உறுதியாகி, ரத்தமும் உறையத் தொடங்கிய பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், புரூஃபன் கூடவே கூடாது, ரத்தப்போக்கை அதிகமாக்கும். வரும் வழியில் எங்கேயாவது இடுப்பில் வலி ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்த மருந்துக்கான விஷம் எங்கிருந்து கிடைக்கிறது?

நம் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்துதான் பெருமளவு போகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நின்றபோது வாழ்வாதாரம் இழந்தவர்கள் அந்த மக்கள். இப்போது பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாடு முழுக்கக் காப்பாற்றப்படும் உயிர்களுக்குப் பின்னால் இந்த மக்களின் உழைப்பு இருக்கிறது, நம்மில் எத்தனையோ பேருக்கு அது தெரியவில்லை.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள். கிளம்பும் முன் என்ன கேட்க வேண்டும்?

முதல் தவணை மருந்து தொடங்கியாயிற்றா? எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு? கண்ணாடிக் குழாய்ச் சோதனை என்ன ஆயிற்று? போகிற இடத்துக்குப் போன் செய்தாயிற்றா? நான்கும் சீட்டில் எழுதியிருக்கட்டும். இமை சரிந்திருந்தால், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் ஆம்புலன்ஸில் இருந்தே ஆக வேண்டும். இதைக் கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆறு மணி நேரமாக ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போகலாமா?

கூடாது, 24 மணி நேரம் இருக்க வேண்டும். கட்டுவிரியன் விஷம் பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். இரவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய், விடிவதற்குள் மூச்சுத்திணறலோடு திரும்பி வருபவர்கள் உண்டு. எல்லோராலும் திரும்பி வர முடிவதில்லை.

இதை அரசுக்குத் தெரிவிக்கிறார்களாமே, வழக்கு ஏதும் வருமா?

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கைக்குரிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனைகளும் தகவல் தர வேண்டும். எந்த ஊரில் கடி அதிகம், எங்கே மருந்து அதிகம் வேண்டும் என்று திட்டமிடத்தான் இந்தக் கணக்கு. உங்களுக்கு இதனால் எந்தச் சிக்கலும் இல்லை.

வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தால் அது விஷமுறிவு மருந்துக்கான தாமதமான எதிர்விளைவு. மாத்திரையில் சரியாகும், ஆனால் வந்து காட்டுங்கள். சிறுநீர் குறைந்தாலோ முகம் வீங்கினாலோ அன்றே வாருங்கள். கடிவாய் கறுத்துச் சீழ் பிடித்தால் வீட்டில் மருந்து போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு, மாதங்கள் கழித்து, காரணம் தெரியாத சோர்வு, தலைசுற்றல், மாதவிலக்கு நிற்பது போன்றவை வரும். மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டதன் விளைவு அது, ஹார்மோன் பரிசோதனையில் தெரியும், மாத்திரையும் இருக்கிறது. அப்போது பார்க்கும் டாக்டரிடம் முன்பு பாம்பு கடித்ததைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.